ஏறக்குறைய சோடியம்

ஒரு புத்தகத்தின் தலைப்பை நம்பி ஏமாந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். பழைய புத்தகக் கடையில் முதுகில் ‘தி பீரியாடிக் டேபிள்’ என்று பார்த்ததும் வேதியியல் வரலாறு என்று நினைத்து வாங்கிவிட்டேன். விடுதிக்கு வந்து பொருளடக்கத்தைத் திறந்தால் முதல் அத்தியாயம் ஆர்கான். இரண்டாவது ஹைட்ரஜன். மூன்றாவது துத்தநாகம். அப்புறம் இரும்பு, பொட்டாசியம், நிக்கல். அணு எண்ணைப் போட்டுப் பார்த்தேன்: 18, 1, 30, 26, 19, 28. என்னய்யா வரிசை இது? மொத்தம் 21 தனிமங்கள், கடைசியில் கரிமம். சோடியம் இல்லை. ஆக்சிஜன் இல்லை. குளோரின், அயோடின் என்று ஹாலஜன் குடும்பத்திலிருந்து ஒருத்தர்கூட இல்லை. புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த செமஸ்டர் வரை தொடவில்லை.

எழுதியவர் பிரிமோ லெவி. 1919இல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்த யூதர். வேதியியலாளர். ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு திரும்பியவர். புத்தகம் இத்தாலியனில் 1975இல் வந்தது, ரேமண்ட் ரோசந்தாலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1984இல். 2006இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் நடத்திய ஒரு நிகழ்வில், எழுதப்பட்டதிலேயே சிறந்த அறிவியல் நூலாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். இது அறிவியல் நூலே இல்லை என்பது என் கட்சி. ஆனால் அன்று விடுதியில் எனக்கு வந்த அந்த எரிச்சல், ‘என்ன வரிசை இது’ என்கிற கேள்வி, இந்தப் புத்தகத்தை வாசிக்கச் சரியான கேள்விதான் என்று இன்று நினைக்கிறேன். ஏனென்றால் தனிம அட்டவணையே ஒரு பொருளடக்கப் பிரச்சினையிலிருந்து பிறந்ததுதான்.

மெண்டலீவ் கனவில் அட்டவணையைக் கண்டார் என்று ஒரு கதை உலவுகிறது. அதை விடுங்கள். நடந்தது இதைவிடச் சுவாரசியமானது. 1860களின் கடைசியில் அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மாணவர்களுக்காக ஒரு வேதியியல் பாடநூல் எழுதிக்கொண்டிருந்தார். அன்று தெரிந்திருந்த தனிமங்கள் 63. முதல் பாகத்தில் ஒரு கைப்பிடி தனிமங்கள்தான் முடிந்திருந்தன, ஹாலஜன்கள் உட்பட. மிச்சம் அத்தனையையும் இரண்டாம் பாகத்தில் அடைக்க வேண்டும். எழுதுகிற யாருக்கும் இந்தத் தவிப்பு தெரியும்: அடுத்த அத்தியாயம் எது?

ஹாலஜன்களுக்குப் பக்கத்தில் கார உலோகங்களை வைத்துப் பார்த்தார். குணத்தில் இரண்டும் நேர் எதிர். ஒன்று எலக்ட்ரானுக்கு அலைவது, மற்றது கையில் இருப்பதைக் கொடுக்கத் துடிப்பது. (எலக்ட்ரான் என்பதெல்லாம் நம் காலத்து விளக்கம். அவருக்கு அது தெரியாது. பிறகு தெரிய வந்தபோதும் அவருக்கு அது பிடிக்கவில்லை.) ஆனால் அணு எடையைப் பாருங்கள். குளோரின் 35.5, பொட்டாசியம் 39. புரோமின் 80, ருபீடியம் 85. அயோடின் 127, சீசியம் 133. ஒவ்வொரு ஹாலஜனுக்கும் சற்று மேலே ஒரு கார உலோகம் உட்கார்ந்திருக்கிறது. எதிரெதிர்க் குடும்பங்கள், ஆனால் அடுத்தடுத்த வீடு. இந்த இடைவெளிகளைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் 1869இல் தன் முதல் அட்டவணையை வெளியிட்டார்.

அவருக்கு முன்பே பலர் கிட்டே வந்தவர்கள்தான். டோபரைனர் 1829இலேயே மூன்று மூன்றாகத் தனிமங்களைக் கோத்தார்: லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்று. நடுவில் இருப்பதன் எடை மற்ற இரண்டின் சராசரிக்குப் பக்கத்தில் வரும். நியூலாண்ட்ஸ் எட்டுக்கு ஒருமுறை குணம் திரும்புகிறது என்று சங்கீத ஸ்வரங்களோடு ஒப்பிட்டுச் சொன்னபோது, அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று லண்டன் கெமிக்கல் சொசைட்டியில் ஒருவர் கிண்டலாகக் கேட்டார். லோதர் மேயர் ஜெர்மனியில் கிட்டத்தட்ட இதே அட்டவணையை வைத்திருந்தார். மெண்டலீவ் தனித்து நிற்பது காலி இடங்களை விட்டதால். வரிசை இடித்தால் வரிசையை மாற்றாமல், இங்கே இன்னும் வராத ஒருவர் இருக்கிறார் என்று நாற்காலி போட்டு வைத்தார். ஏக அலுமினியம், ஏக போரான், ஏக சிலிக்கான் என்று சம்ஸ்கிருத எண்ணில் பெயரும் வைத்தார். 1875இல் காலியம், 1879இல் ஸ்காண்டியம், 1886இல் ஜெர்மானியம் வந்து அந்த நாற்காலிகளில் அமர்ந்தன. காலியத்தின் அடர்த்தியைக் கண்டுபிடித்தவர் 4.7 என்று அளந்திருந்தார். பொருளைக் கண்ணால் பார்க்காத மெண்டலீவ், திரும்ப அளந்து பாருங்கள், 5.9 பக்கம் வரும் என்றார். வந்தது.

இந்த வெற்றிக் கதையோடு பாடப்புத்தகம் நின்றுவிடும். கடைசிக் காலத்தில் ஹைட்ரஜனைவிட லேசான தனிமங்கள் இருக்கின்றன என்றும், வெளியெங்கும் நிறைந்த ஈதர் அவற்றில் ஒன்று என்றும் அதே நம்பிக்கையோடு எழுதினார். அந்த நாற்காலிகள் இன்றுவரை காலி. டெலூரியத்தின் எடை அயோடினைவிட அதிகமாக இருப்பது அளவுப் பிழை என்று கடைசிவரை சொன்னார். பிழை இல்லை. 127.6, 126.9. வரிசையைத் தீர்மானிப்பது எடை அல்ல, அணு எண் என்று மோஸ்லி 1913இல் காட்டிய பிறகுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு வருடம் கழித்து கலிப்போலி போரில் மோஸ்லி செத்துப்போனார்.

லெவி இந்த வரலாற்றைப் புத்தகத்தில் சொல்வதில்லை. இரும்பு அத்தியாயத்தில் நண்பன் சாந்த்ரோவுக்கு அவர் மெண்டலீவின் அட்டவணையை அறிமுகப்படுத்தும் இடம் ஒன்று உண்டு. பள்ளியில் விழுங்கிய எந்தக் கவிதையையும்விட இதுதான் உயர்ந்த கவிதை, இதற்கு இயைபுகூட இருக்கிறது என்பது அங்கே அவர் சொல்வதன் சாரம். புத்தகத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எடுத்துப் போடும் இடம் இது. அதனாலேயே எனக்கு இதில் கொஞ்சம் சந்தேகம்.

ஐரோப்பியக் கவிதையில் இயைபு வரியின் கடைசியில் வரும். நமக்கு எதுகை அடியின் தொடக்கத்திலேயே, இரண்டாம் எழுத்தில். அடிக்கு அடி மேலிருந்து கீழாக ஒன்றிக்கொண்டு போகும். அட்டவணையின் ‘தொகுதி’ எனக்கு இந்த எதுகையாகத்தான் படுகிறது. லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம். ஐந்து அடிகள், ஒரே எதுகை, வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான். ஆனால் எதுகை ஒன்றிவிட்டதால் பொருள் ஒன்றாகிவிடாது என்பது வெண்பா படித்த பிள்ளைக்கும் தெரியும். லெவியின் புத்தகம் உண்மையில் அந்த இடத்தில்தான் நிற்கிறது. இரும்பில் சொன்ன கவிதை வாக்கியத்துக்கு அடுத்த அத்தியாயத்திலேயே அவர் மறுப்பு எழுதுகிறார்.

பொட்டாசியம். 1941 ஜனவரி. ஐரோப்பா முழுக்க ஜெர்மனியின் காலடியில். யூதர் என்பதால் எந்தப் பேராசிரியரும் ஆய்வு மாணவனாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. இயற்பியல் துறையின் உதவியாளர் ஒருவர் மட்டும் இடம் கொடுக்கிறார். வேலை, பென்சீனைச் சுத்தப்படுத்துவது. கடைசித் துளி ஈரத்தையும் எடுக்க சோடியம் போட்டுக் காய்ச்சி வடிக்க வேண்டும். சோடியம் கிடைக்கவில்லை. பொட்டாசியம் இருக்கிறது. ஒரே தொகுதி, அடுத்த வரிசை, இரண்டும் தண்ணீரோடு வினைபுரியும். போட்டார். வடித்தார். மிச்சப் பொட்டாசியத்தைக் கவனமாக வெளியே கொண்டுபோய்ப் புதைத்தார். காலிக் குடுவையைக் குழாயடியில் பிடித்தார். தீச்சுவாலை ஜன்னல் வரை பாய்ந்து திரைச்சீலை பற்றிக்கொண்டது. குடுவைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு துணுக்கு ஒட்டியிருந்திருக்கிறது. பென்சீன் ஆவியைக் கொளுத்த அது போதும்.

பிளஸ் டூவில் இதை நாம் அம்புக்குறி போட்டுப் படித்திருக்கிறோம். தொகுதியில் கீழே இறங்க இறங்க அணு பெரிதாகும், வெளி எலக்ட்ரான் கருவை விட்டுத் தள்ளிப் போகும், அதைப் பிடுங்க ஆகும் ஆற்றல் குறையும். சோடியத்துக்கு ஒரு மோலுக்கு 496 கிலோ ஜூல், பொட்டாசியத்துக்கு 419. ‘கீழிறங்கக் குறையும்’, இரண்டு மார்க். அந்த 77 கிலோ ஜூல் என்றால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. சின்னத் துண்டு சோடியம் தண்ணீர்மேல் உருண்டு ஓடும், பெரும்பாலும் தீப்பிடிக்காது. அதே அளவு பொட்டாசியம் தொட்ட கணமே ஊதாச் சுடராக எரியும். அதுதான் 77. போதாததற்கு அந்த அம்புக்குறியும் முழு உண்மை பேசுவதில்லை. அடர்த்தி கீழிறங்கக் கூடும் என்று படித்தோம். லித்தியம் 0.53, சோடியம் 0.97, பொட்டாசியம் 0.86. குறைகிறதே! காற்றில் எரித்தால் லித்தியம் சாதாரண ஆக்சைடு தரும், சோடியம் பெரும்பாலும் பெராக்சைடு, பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடு. ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். ஆளுக்கொரு புத்தி.

‘ஏறக்குறைய ஒன்று’ என்பதை நம்பாதே என்று லெவி அங்கே எடுக்கும் பாடம் பிரபலமானது. நல்ல பாடம்தான். ஆனால் முதல்முறை வாசித்தபோது எனக்கு அது லேப் பாதுகாப்பு விதி மாதிரிதான் இருந்தது. அது என்னைக் கடித்தது பத்து வருடம் கழித்து.

நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் காப்பீட்டு உறுப்பினர் பட்டியலிலிருந்து இரட்டைப் பதிவுகளை நீக்கும் நிரல் எங்கள் குழுவிடம் வந்தது. ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் ஒன்றாக்க வேண்டும். பெயரின் நெருக்கம், தகப்பன் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றுக்கும் மதிப்பெண். கூட்டினால் ஒரு எல்லைக்கு மேல் போனால் ஒரே ஆள். எல்லையை நான்தான் வைத்தேன். சோதனையில் அருமையாக ஓடியது. சில வாரங்களில் ஒரு புகார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, உறுப்பினர் பட்டியலில் ஆளே இல்லை என்று பதில் போயிருக்கிறது. தேடினால், இரட்டைச் சகோதரிகள். ஒரே பிறந்த தேதி, ஒரே அப்பா, ஒரே வீடு. பெயரில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். இரட்டைப் பிள்ளைகளுக்கு எதுகை வைத்துத்தானே நம் ஊரில் பெயர் வைப்போம்! என் நிரல் இருவரையும் ஒருத்தியாக்கிவிட்டது. சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாள் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பணத்துக்கு என்ன செய்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் பொட்டாசியத்தைத் திரும்ப எடுத்தேன். இந்த முறை கண்ணில் பட்டது குடுவை இல்லை, தேதி. இத்தாலியின் இனச் சட்டங்கள் 1938இல் வந்தன. 1941 கோடையில் லெவி வாங்கிய பட்டச் சான்றிதழில் மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு ‘யூத இனம்’ என்றும் குறிப்பிட்டிருந்தது. தொகுதி தெரிந்தால் குணம் தெரியும் என்பது தனிமங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். அதையே மனிதர்கள்மீது போட்டு, குடும்பத்தைப் பார்த்துக் கட்டத்தில் அடைத்த ஒரு அரசாங்கத்தின் கீழ் இந்த மனிதர் உட்கார்ந்து, உலகத்தின் மிக அழகான வகைப்பாட்டைக் காதலிக்கிறார். காதலித்துக்கொண்டே அதன் எல்லையையும் எழுதுகிறார். துத்தநாக அத்தியாயத்திலும் இதுதான். சுத்தமான துத்தநாகம் அமிலத்தில் சும்மா கிடக்கும், கொஞ்சம் கலப்பு இருந்தால்தான் வினை நடக்கும். தூய்மை, தூய்மை என்று அரசாங்கம் கத்திய வருடத்தில் ஒரு மாணவன் தன் குடுவையைப் பார்த்து, அந்தக் கலப்பு நான்தான் என்று நினைத்துக்கொள்கிறான்.

அதனால் பொருளடக்கத்தின் ‘குளறுபடி’ குளறுபடி இல்லை என்ற முடிவுக்கு வந்தேன். அத்தியாயங்கள் பெரும்பாலும் அவர் வாழ்க்கையின் கால வரிசையில் போகின்றன. பெரும்பாலான தனிமங்களுக்குத் தம் குடும்பத்தாரோடு சேர்ந்து உட்கார அனுமதி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அத்தியாயங்களைத் தொகுதிவாரியாக மாற்றி அடுக்கி வாசித்துப் பார்த்தேன். நைட்ரஜன், பாஸ்பரஸ், ஆர்சனிக் ஒரு பத்தி. கரிமம், வெள்ளீயம், ஈயம் இன்னொன்று. நைட்ரஜனில் கோழி எச்சத்திலிருந்து உதட்டுச்சாயத்துக்குச் சரக்கு எடுக்கப் பார்த்துத் தோற்கிறார். பாஸ்பரஸில் ஒருதலைக் காதல். ஆர்சனிக்கில் ஒரு கிழச் செருப்புத் தொழிலாளி தனக்குப் பரிசாக வந்த சர்க்கரையைச் சோதிக்கக் கொண்டுவருகிறார். இவற்றுக்குள் ஒரு போக்கும் இல்லை. வாசிப்பு ஒன்றும் தரவில்லை. நல்லது.

குரோமியம் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்குத் துரோகம். போருக்குப் பின் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் வேலை. முற்றத்தில் ஆரஞ்சு நிறக் கட்டிகளாக உறைந்துபோன துருத்தடுப்புப் பெயிண்ட் குவிந்து கிடக்கிறது. காரணம் தேடிப் பழைய அட்டைகளைப் புரட்டுகிறார். சோதனைக் குறிப்பில் ‘2 அல்லது 3’ சொட்டு என்று இருந்தது, எழுத்து மங்கி, அடுத்த பிரதியில் ‘23’ ஆகியிருக்கிறது. கெட்ட குரோமேட் எல்லாம் தேறிவிட்டது. உறைந்த சரக்கை மீட்க அம்மோனியம் குளோரைடு சேர்க்கச் சொல்கிறார். பல வருடம் கழித்து ஒரு விருந்தில் தெரிகிறது: தேவையே போன பிறகும் அந்தப் பெயிண்டில் இன்னும் அம்மோனியம் குளோரைடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ‘இந்த வரியை நீக்காதே’ என்று எழுதியவர் வேலையை விட்டுப் போய் எட்டு வருடம் ஆன நிரல்களைத் தினமும் பார்க்கும் எனக்கு, உலக இலக்கியத்தில் இதைவிடத் துல்லியமான ‘லெகஸி கோட்’ கதை தெரியாது.

குறைகளும் சொல்லணும். ஆர்கான் அத்தியாயம் புத்தகத்தின் வாசலில் போட்ட பாறாங்கல். மந்த வாயுக்கள் யாரோடும் சேராதவை, அதுபோல என் முன்னோர் என்று ஆரம்பித்து மாமன்கள், அத்தைகள், பீட்மாண்ட் யூதப் பேச்சு வழக்குகள் என்று நீளும். தனிமம் இங்கே வெறும் உவமைக்கு ஆணி. இதே அத்தியாயத்தில் ஒரு தகவல் பிழையும் உண்டு. 1962இல் ஒருவர் செனானை ஃப்ளூரினோடு சேரவைத்தார், அதற்காக நோபல் வாங்கினார் என்று போகிறது. அந்த வருடம் செனான் சேர்மத்தை முதலில் உண்டாக்கியவர் நீல் பார்ட்லெட். 2008இல் நோபல் கிடைக்காமலே இறந்தார். சிறந்த அறிவியல் நூல் என்று பட்டம் கொடுத்தவர்கள் முதல் பக்கத்தையாவது சரிபார்த்திருக்கலாம். 2000இல் ஃபின்லாந்து விஞ்ஞானிகள் கடுங்குளிரில் ஆர்கானையே ஒரு சேர்மத்தில் மாட்டவைத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தியாயத்தின் உவமைக்கே அடி விழுகிறது. லெவி 1987இல் இறந்துவிட்டார். இருந்திருந்தால் ரசித்திருப்பார் என்று தோன்றுகிறது.

வனேடியம் பற்றி எனக்கு இரண்டு மனம். உலராத பெயிண்ட் தொடர்பாக ஒரு ஜெர்மன் கம்பெனியிலிருந்து வரும் கடிதத்தில் ‘நாஃப்தனேட்’ என்ற சொல்லில் எழுத்துப்பிழை இருக்கிறது. அதே மாதிரித் தவறாகச் சொன்ன ஒரு மேலாளர் ஆஷ்விட்ஸ் ஆய்வகத்தில் இருந்தார். அதே ஆள்தானா? கடிதம் எழுதிக் கேட்கிறார். அதே ஆள்தான். முழுக் கொடியவரும் இல்லை, நிரபராதியும் இல்லை. சந்திப்பதற்குள் அவர் இறந்துபோகிறார். அசாத்தியமான கதை. ஆனால் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் தோண்டியதில், நிஜ மனிதரின் பெயர் வேறு, தொடர்பு கிடைத்தது ஒரு ஜெர்மன் தோழி வழியாக, எழுத்துப்பிழைத் துப்பறிதல் புனைவு என்று தெரிந்திருக்கிறது. புனைவெழுத்தாளனுக்கு அந்த உரிமை உண்டு. ஏறக்குறைய ஒன்று என்பதை நம்பாதே என்றவரே உண்மைக்குப் பதில் ஏறக்குறைய உண்மையைக் குடுவையில் போட்டிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

மிச்சம் சீரியம். இந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு அத்தியாயம் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். மெண்டலீவுக்குக் கடைசிவரை தலைவலி கொடுத்த கூட்டம் அரிய மண் தனிமங்கள். எந்தத் தொகுதியிலும் ஒழுங்காக உட்காராது. எல்லாம் மூன்று எலக்ட்ரானைக் கொடுத்து ஒரே மாதிரி நடந்துகொள்ளும், அளவு நூலிழை நூலிழையாகத்தான் குறையும். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க அந்தக் கால வேதியியலாளர்கள் நூற்றுக்கணக்கான தடவை படிகமாக்கினார்கள். அதனால் லைட்டர் கல் செய்கிறவர்கள் பிரிக்கவே மெனக்கெடுவதில்லை. சீரியம், லாந்தனம் எல்லாம் கலந்தபடியே இரும்போடு உருக்கிவிடுவார்கள். சோடியம்–பொட்டாசியத்துக்கு நேர் எதிர். இங்கே ஏறக்குறைய ஒன்று என்பது போதும்.

முகாம் ஆய்வகத்தில் லெவி சின்னச் சின்ன உருளைகளைத் திருடுகிறார். தட்டினால் பொறி பறக்கிறது. நண்பன் ஆல்பெர்ட்டோவும் அவரும் ராத்திரி போர்வைக்கடியில் அவற்றைச் சுரண்டி லைட்டர் கல்லாக்குகிறார்கள். ஒரு கல்லுக்கு ஒரு நாள் ரொட்டி. 40 உருளை, 120 கல். ஆளுக்கு இரண்டு மாதம். அதற்குள் ரஷ்யர்கள் வந்துவிடுவார்கள்.

இருவரும் அத்தனை ஒட்டித் திரிந்ததால் மற்ற நாட்டுக் கைதிகள் பெயரை மாற்றிக் கூப்பிடுவார்களாம். இரண்டு இத்தாலியர்கள், அவ்வளவுதான். 1945 ஜனவரியில் லெவிக்கு ஸ்கார்லட் காய்ச்சல் வந்து மருத்துவக் கூடத்தில் கிடந்தார். ஆல்பெர்ட்டோவுக்கு அது சின்ன வயதிலேயே வந்து போயிருந்தது. அதனால் திரும்ப வரவில்லை. நடக்கத் தெம்பிருந்தவர்களை ஜெர்மானியர்கள் பனியில் ஓட்டிக்கொண்டு போனபோது அவரும் போனார். ரஷ்யர்கள் 27ஆம் தேதி வந்தார்கள். போருக்குப் பின் ஆல்பெர்ட்டோவின் ஊர்க்காரர் ஒருவர், உங்கள் பையன் உயிரோடுதான் இருக்கிறான் என்று அந்த அம்மாவிடம் பொய்ச் சேதி சொல்லிப் பல வருடம் காசு வாங்கிக்கொண்டிருந்தார் என்று லெவி எழுதுகிறார்.